டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கா? காரின் எர்ரர் மெசேஜை நீங்களே படிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும், திரையில் எர்ரர் மெசேஜ் வந்தால் அதைப் படிப்பதில்லை. ஓகே பட்டனில் கிளிக் செய்து மூடிவிடுகிறார்கள். மெசேஜ் போய்விடுகிறது, பிரச்சினை அப்படியே இருக்கிறது. பழைய டீசல் கார் வாங்கியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால், யாரிடமாவது கொடுத்து அதை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் பெரம்பலூர். அரியலூரில் இருக்கும் என் மாமா சென்ற ஆண்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கினார். அந்தக் காரின் விளக்கு எரிந்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டரையும் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறு கருவியையும் வைத்து என்ன தெரிந்துகொள்ள முடிந்தது என்பதை இங்கே சொல்கிறேன். புரோகிராமிங் எதுவும் தெரிய வேண்டியதில்லை. விசைப்பலகையில் நான்கைந்து எண்களைத் தட்டத் தெரிந்தால் போதும்.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

இன்றைய டீசல் கார்களில் இன்ஜினை நிர்வகிப்பது இசியு என்னும் சிறிய கம்ப்யூட்டர். நம் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் மவுஸும் எப்படியோ, அப்படி இதற்கு சென்சார்கள். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, தண்ணீரின் வெப்பம் என்ன, டீசல் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று அவை ஓயாமல் தகவல் அனுப்புகின்றன. இசியு கணக்குப் போட்டு, எந்த நொடியில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று இன்ஜெக்டர்களுக்கு உத்தரவிடுகிறது.

வரும் தகவல் எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லையென்றால், இசியு அதற்குரிய எண்ணைத் தன் நினைவகத்தில் எழுதி வைக்கிறது. பல பிரச்சினைகளை முதல் தடவை 'சந்தேகம்' என்று மட்டும் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே பிரச்சினை வந்தால் உறுதி செய்து, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கை எரியவிடும். அந்த நேரத்தில் கார் என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது என்பதையும் சேமித்து வைக்கும். இதற்கு பிரீஸ் பிரேம் என்று பெயர். கம்ப்யூட்டரில் பிரின்ட் ஸ்கிரீன் எடுப்பது போன்றது இது.

இந்த எண்களை எல்லாக் கம்பெனி கார்களிலும் ஒரே முறையில் படிக்க வழி செய்வதுதான் ஓபிடி2 என்னும் தரம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயமானது. ஐரோப்பாவில் டீசல் கார்களுக்கு 2004-ல் வந்தது. இந்தியாவில் பிஎஸ்4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி1, 2013 ஏப்ரலில் ஓபிடி2 என்று இரண்டு கட்டமாக வந்தது.

இதில் நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சென்னையில் பிஎஸ்4 2010-லேயே வந்துவிட்டது. ஆனால் நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரல் 1 முதல்தான். ஆகவே டிஎன்46 (பெரம்பலூர்), டிஎன்61 (அரியலூர்) என்று பதிவான இடைக்காலத்துக் கார்களில் பிஎஸ்3 வண்டிகளும் இருக்கலாம். அவற்றில் சாக்கெட் இருந்தாலும் எல்லாத் தகவலும் கிடைக்காது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 கார்களில் இந்தச் சிக்கல் இல்லை. மாமாவின் கார் 2016-ல் சென்னையில் பதிவான பிஎஸ்4 வண்டி.

என்னென்ன தேவை?

ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவர் கால் வைக்கும் பகுதிக்கு மேலே குனிந்து பாருங்கள். 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில கார்களில் சிறு மூடி போட்டு மறைத்திருப்பார்கள். இதில் செருகுவதற்கு ஈஎல்எம்327 என்னும் அடாப்டர் வேண்டும். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியதாக இருக்கும். கனடாவைச் சேர்ந்த ஈஎல்எம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சிப்பின் பெயர்தான் இது. அந்த நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். அடிப்படை வேலைகளுக்கு அவை போதும். சில நகல்கள் எல்லாக் கட்டளைகளுக்கும் பதில் தருவதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடாப்டரில் மூன்று வகை உண்டு. கம்ப்யூட்டருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் புளூடூத் வகை ஏற்றது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வை-பை வகையையோ, ஐபோனில் இயங்கும் என்று குறிப்பிட்டிருக்கும் புளூடூத் வகையையோ வாங்க வேண்டும். வயர் மூலம் இணைக்க விரும்பினால் யுஎஸ்பி வகை உள்ளது.

போனில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற அப்ளிகேஷன்களை இன்ஸ்டால் செய்தால் எல்லாமே படமாகத் தெரியும். இருந்தாலும் ஒரு முறையாவது கம்ப்யூட்டரில் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். கார் என்ன பேசுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

கம்ப்யூட்டரில் இணைப்பது எப்படி?

1. அடாப்டரைச் சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

2. லேப்டாப்பில் புளூடூத் செட்டிங்ஸ் சென்று புதிய சாதனத்தைச் சேருங்கள். பின் நம்பர் கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

3. மோர் புளூடூத் செட்டிங்ஸ் பிரிவில் காம் போர்ட்ஸ் என்னும் டேபைத் திறந்து, அவுட்கோயிங் என்பதற்கு எதிரே எந்த எண் உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக காம்5.

4. புட்டி என்னும் இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து திறங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஹைப்பர் டெர்மினல் கூடவே வந்தது. விஸ்டாவிலிருந்து அது நீக்கப்பட்டதால் புட்டி தேவைப்படுகிறது. அதில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காம் போர்ட் எண்ணையும் வேகம் 38400 என்றும் கொடுத்து ஓபன் கிளிக் செய்யுங்கள்.

5. கறுப்பு விண்டோ திறக்கும். ஆங்கில எழுத்துகளில் ஏ, டி, இசட் என்று சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். அடாப்டர் தன் பெயரைச் சொல்லும். அடுத்து ஏ, டி, எஸ், பி, 0 என்று தட்டினால், காரின் மொழியை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இனி எண்களால் கேள்வி கேட்கலாம். 0105 என்று தட்டினால் இன்ஜின் தண்ணீரின் வெப்பநிலை கேட்கிறீர்கள் என்று பொருள். 41 05 78 என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு எண்கள் உங்கள் கேள்வியின் எதிரொலி. 78 மட்டுமே விடை. இது ஹெக்ஸாடெசிமல் எண். விண்டோஸ் கால்குலேட்டரில் புரோகிராமர் பிரிவுக்குச் சென்று, ஹெக்ஸ் தேர்ந்தெடுத்து 78 தட்டினால், டெசிமலில் 120 என்று காட்டும். அதில் 40-ஐக் கழிக்க வேண்டும் என்பது விதி. ஆக, வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ்.

மாமாவின் கார் சொன்னது

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நிறைய. அரசு சிமென்ட் ஆலையே 1979-லிருந்து இயங்குகிறது. கல் ஏற்றிய லாரிகள் பின்னாலேயே ஓடும் கார்களின் மேல் வெள்ளைத் தூசி படியாத நாள் இல்லை. மாமா கார் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. இன்ஜினுக்குச் சேதம் வராமல் இருக்க இசியு தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை இது. லிம்ப் மோட் என்பார்கள்.

ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். "டர்போ போயிடுச்சு, 40 ஆயிரத்துக்கு மேல ஆகும். இப்போதைக்கு வேணும்னா லைட்டை அணைச்சுத் தர்றேன்" என்றார்களாம். மாமா எனக்குப் போன் செய்தார். "மாப்ள, லைட்டை மட்டும் அணைச்சுக்கலாமா?" என்றார். "அணைக்க வேண்டாம் மாமா, அப்படியே பெரம்பலூருக்கு மெதுவா ஓட்டிட்டு வாங்க, முதல்ல படிச்சுப் பார்ப்போம்" என்றேன்.

03 என்று தட்டினேன். சேமித்து வைத்த கோடுகளைக் கேட்கும் கட்டளை இது. பதில் இப்படி வந்தது: 43 01 02 99.

43 என்பது 03-க்கான எதிரொலி. 01 என்றால் ஒரே ஒரு கோடு. 02 99 என்பதுதான் அது. முதல் இலக்கம் 0 முதல் 3 வரை இருந்தால் முன்னால் 'பி' சேர்த்துப் படிக்க வேண்டும். ஆக பி0299.

கோடு எண்ணைப் படிப்பது எளிது. பி என்றால் இன்ஜின், கியர் தொடர்பானது. பிரேக், ஸ்டியரிங் பகுதிக்கு சி, பாடிக்கு பின்னர் வரும் இன்னொரு 'பி' (ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து), கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தொடர்புக்கு யு. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் கம்பெனியின் சொந்தக் கோடு. மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 இருந்தால் காற்று, எரிபொருள் சம்பந்தப்பட்டது; 4 என்றால் புகைக் கட்டுப்பாடு.

பி0299-க்குப் பொருள், 'டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் கிடைக்கவில்லை' என்பது. 'டர்போ கெட்டுவிட்டது' என்பது அல்ல. இந்த வேறுபாட்டில்தான் 40 ஆயிரம் ரூபாய் அடங்கியிருக்கிறது. பிரின்ட்டரில் பேப்பர் வரவில்லை என்ற மெசேஜுக்குப் பிரின்ட்டரையே மாற்றுவோமா? கேபிள் சரியாக இருக்கிறதா என்றுதானே முதலில் பார்ப்போம்?

போன் அப்ளிகேஷனில் மேனிபோல்டு அழுத்தத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, மாமா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வண்டி நின்றபடி ஓடும்போது 100 கிலோ பாஸ்கல். இது சாதாரணக் காற்றின் அழுத்தம். நன்றாக ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது இது 180-க்கு மேல் போக வேண்டிய வண்டி. 120-ஐத் தாண்டவில்லை. டர்போ சுற்றும் சத்தம் கேட்டது. அப்படியானால் காற்று வழியில் எங்கோ வெளியேறுகிறது.

தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் இந்த எண்களைச் சொன்னேன். அவர் பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தார். கிளிப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பசையோடு வெள்ளைத் தூசி அப்பிக் கிடந்தது. துடைத்ததும் நீளமான வெடிப்பு தெரிந்தது. புது ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். அதன் பிறகு அழுத்தம் 190 வரை போனது. விளக்கை நாங்கள் அணைக்கவில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பிரச்சினை இல்லை என்றால் இசியு தானே அணைத்துவிடும். அப்படியே அணைந்தது.

அழித்ததையும் கார் சொல்லும்

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

04 என்பது கோடுகளை அழிக்கும் கட்டளை. இதைக் கொடுத்தால் விளக்கு அணைந்துவிடும். பிரீஸ் பிரேமும் போய்விடும். கார் விற்பவர் காலையில் அழித்துவிட்டு மதியம் காட்டினால், டேஷ்போர்டு சுத்தமாக இருக்கும். ஆனால் அழித்த கணத்திலிருந்து ஓடிய கிலோமீட்டரை இசியு தனியாக எண்ணத் தொடங்குகிறது. அதைக் கேட்கும் கட்டளை 0131.

மாமாவின் காரில், கோடு எண்ணைப் படித்த அன்றே இதையும் கேட்டேன். 41 31 01 87 என்று பதில் வந்தது. கால்குலேட்டரில் ஹெக்ஸ் 0187 என்பது டெசிமலில் 391. கடைசியாகக் கோடு அழித்து 391 கி.மீ. ஆகிறது என்று பொருள். மாமா கார் எடுத்த நாளில் மீட்டரில் 84,610; அன்று 84,990. அதாவது அவர் ஓட்டியது 380 கி.மீ. மட்டுமே. வண்டி கைக்கு வருவதற்கு 11 கி.மீ. முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள்.

விற்ற ஏஜென்ட்டிடம் கேட்டோம். பேட்டரி வயரைக் கழற்றியிருப்போம் என்றார். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினாலும் இந்த எண் பூஜ்யம் ஆகும் என்பது உண்மைதான். ஆகவே இதை வைத்து ஒருவரைக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் இந்த எண் கையில் இருந்திருந்தால், மாமா இன்னும் 100 கி.மீ. ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கலாம். அல்லது விலையைக் குறைத்துப் பேசியிருக்கலாம்.

கார் பார்க்கப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

* சாவியை ஆன் செய்ததும் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். ஆன் நிலையிலேயே எரியவில்லை என்றால் விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம்.

* 03 தட்டி உறுதியான கோடுகளையும், 07 தட்டிச் சந்தேக நிலையில் உள்ளவற்றையும் பாருங்கள்.

* 0131 தட்டி, அழித்து எத்தனை கி.மீ. ஆகிறது என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்றால் காரணம் கேளுங்கள். சில பழைய கார்கள் இதற்கு நோ டேட்டா என்று சொல்லும்.

* அப்ளிகேஷனில் ரெடினஸ் என்னும் பிரிவைப் பாருங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று இருந்தால், அண்மையில் அழித்திருக்க வாய்ப்பு அதிகம்.

எந்த விளக்குக்கு என்ன செய்வது?

கம்ப்யூட்டரை எடுக்கக்கூட நேரம் தராத விளக்குகளும் உண்டு. சிவப்பு என்றால் நில். மஞ்சள் என்றால் கவனி. இதை வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

எண்ணெய்க் கிண்ணி (சிவப்பு): ஆயில் அழுத்தம் இல்லை. ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை ஆப் செய்யுங்கள். பக்கத்து ஊர் வரை போய்விடலாம் என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

தெர்மாமீட்டர் (சிவப்பு): இன்ஜின் கொதிக்கிறது. நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பேட்டரி (சிவப்பு): சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம். சில கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பானெட்டைத் திறந்து பெல்ட்டைப் பார்க்காமல் தொடராதீர்கள்.

சுருள் கம்பி (மஞ்சள்): குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக் விளக்கு. ஸ்டார்ட் செய்யும் முன் எரிந்து அணைவது இயல்பு. நம் ஊர் வெயிலில் சட்டென்று அணைந்துவிடும். ஓடும்போது மின்னினால், சில கார்களில் அது இன்ஜின் கோளாறைக் குறிக்கும்.

டீசலில் தண்ணீர் (மஞ்சள்): பில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. டிராக்டருக்கு வாங்கிக் கேனில் வைத்த டீசலைக் காரில் ஊற்றும் வீடுகளில் இது வர வாய்ப்பு அதிகம். அன்றே பில்டரில் இருந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இன்ஜெக்டர் அமைப்பு ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் வேலை செய்கிறது. அங்கே தண்ணீர் போனால் செலவு பல ஆயிரம்.

புள்ளிகள் உள்ள பெட்டி (மஞ்சள்): பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎப் பில்டர் நிறைந்துவிட்டது. டவுனுக்குள்ளேயே குறுகிய தூரம் ஓட்டுபவர்களுக்கு அடிக்கடி வரும். திருச்சி - சென்னை நான்கு வழிச் சாலையில், பெரம்பலூரிலிருந்து பாடாலூர் பக்கம் சீரான வேகத்தில் 15 முதல் 20 நிமிடம் ஓட்டினால் கரி தானே எரிந்து விளக்கு அணையும். என்ன வேகம் என்பதைக் காரோடு வந்த மேனுவலில் பாருங்கள். விளக்கை அலட்சியம் செய்து ஓட்டிக்கொண்டே இருந்தால் பில்டரை மாற்றும்படி ஆகிவிடும்.

யூரியா கரைசல் மெசேஜ்: சில பிஎஸ்6 டீசல் கார்களில் டெப் என்னும் 32.5 சதவீத யூரியா கரைசலுக்குத் தனி டேங்க் உண்டு. இது தீர்ந்தபின் இன்ஜினை ஆப் செய்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எத்தனை கி.மீ. மிச்சம் என்று திரையில் வரும்போதே நிரப்பிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

கோடு எண்ணையும் பிரீஸ் பிரேமையும் எழுதி வைக்காமல் எதையும் அழிக்காதீர்கள். பேக்கப் எடுக்காமல் ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்வதற்குச் சமம் அது. ஒர்க்ஷாப்பில் விடும்போதும், முதலில் எண்ணைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

கோடு குறிப்பிடும் பாகத்தை உடனே வாங்கிவிடாதீர்கள். பி0101 என்று காற்று அளவு சென்சாரைச் சுட்டும் கோடு வந்தால், அரியலூர்ப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஏர் பில்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்சார் கம்பி மிக மெல்லியது. அதைக் கையால் துடைப்பதோ, கம்ப்ரஸர் காற்றை அடிப்பதோ கூடாது.

ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகளை இந்த மலிவு அடாப்டர் பெரும்பாலும் படிக்காது. அதற்குக் கம்பெனி ஸ்கேனர் வேண்டும். உயிர் காக்கும் பாகங்கள் என்பதால் அவற்றில் நாமே கை வைக்கவும் வேண்டாம்.

ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். தவிர, பின் நம்பர் 1234 என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கருவி நம்மை மெக்கானிக் ஆக்கிவிடாது. ஹோஸில் வெடிப்பைக் கண்டுபிடித்தது அண்ணனின் கைதான், கம்ப்யூட்டர் அல்ல. ஆனால் எந்தப் பக்கம் கையை வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. அடுத்த முறை மஞ்சள் விளக்கு எரிந்தால் ஒர்க்ஷாப்புக்குப் போகும் முன் 03 தட்டி, வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "லைட் எரியுது" என்று போய் நிற்பவருக்கும், "பி0299 வந்திருக்கு, பூஸ்ட் 120-க்கு மேல ஏறல" என்று சொல்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.